கறுப்பு நூல் கட்டிய முட்டைக்கோஸ்

முட்டைக்கோஸ் நன்றாக உருண்டு வரவேண்டுமானால் அதன் இலைகளைக் கூட்டிப் பிடித்து நூலால் கட்டிவிட வேண்டும் என்று உங்கள் வீட்டில் சொன்னார்களா, இல்லையா? சொல்லியிருப்பார்கள். நீங்களும் நானும் ஒரே லைனில் வளர்ந்து கிழடு தட்டியவர்கள், எனக்குத் தெரியாதா? உங்கள் அம்மாக்கள் கட்டினார்கள். உங்களில் சிலர் வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு கொல்லையில் பாத்தி போட்டு நீங்களும் கட்டினீர்கள். போன மாதம்கூட ஒருவர் என்னை வழியில் நிறுத்தி, "நீ எதால கட்டுவ, வாழை நாரா, சணலா?" என்று ரொம்பக் கவலையாகக் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சணல் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாவம், இனியும் உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. கட்டினால் கோஸ் உருளாது. அது பயிர் வைக்கிற முறையே இல்லை. அந்தப் பழக்கம் தொடங்கியது எங்கள் வீட்டுக் கொல்லையில், என்னுடைய இந்தக் கையால், எனக்கு ஒன்பது வயதான அந்தக் குளிர்காலத்தில். திட்டுவதானால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

இப்போது ஸ்கெலட்டன் என்கிறார்களே, அந்தப் பக்கம் எங்கள் லைன், சுரங்கத்து ஆட்களுக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த வரிசை வீடுகள். அப்போது ஓட்டு வீடெல்லாம் கிடையாது. சுற்றிலும் மூங்கில் தட்டி, மேலே தகரமோ புல்லோ, அவ்வளவுதான். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். மில்லில் தங்கக் கல்லை இடிக்கிற சத்தம் இரவும் பகலும் ஓயாது. பிறந்ததிலிருந்து அதைக் கேட்டவர்களுக்கு அது ஒன்றுமில்லை, அது நின்றால்தான் திடுக்கென்று இருக்கும். என் அம்மாவுக்கு அப்படியில்லை.

அம்மா மலைக்காரி. குன்னூர்ப் பக்கம் ஒரு துரை பங்களாவின் காய்கறித் தோட்டத்தில் அவளுடைய அப்பா வேலை பார்த்தார். என் நைனா காப்பித் தோட்ட வேலைக்கு மலையேறிப் போன இடத்தில் அவளைக் கட்டிக்கொண்டார். நானும் என் தம்பியும் அங்கேதான் பிறந்தோம். பிறகு யாரோ, தங்கச் சுரங்கத்தில் கை நிறையக் கூலி என்று சொல்ல, நைனா இங்கே வந்துவிட்டார். எங்களை ஒரு பங்குனி மாதத்தில் அழைத்துக்கொண்டார். வண்டியை விட்டு இறங்கி நாலு பக்கமும் பார்த்துவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "மரம் எங்க?" நைனா ஷாஃப்டுக்கு, ஆட்களை இறக்குகிற சுரங்கக் குழிக்கு, மேலே நிற்கும் சக்கரக் கோபுரத்தைக் காட்டினார். அதைத் தாங்கி நின்றது மரம்தானாம்.

வெயில் காலம் முழுக்க அம்மா வாய் பேசாமல் இருந்தாள். சாம்பல் நிறத்தில் மில் தூசி வந்து சோற்றில் விழும், அவள் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவாள். நைனா வேலைக்குப் போனால் அவர் திரும்பி வருகிறவரை சாப்பிடமாட்டாள். வாசலில் நின்று அந்தச் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டு அத்தை, அவர்களுக்கும் எங்களுக்கும் உறவு ஒன்றுமில்லை, வாய் மட்டும் உறவு, அம்மாவைக் காணும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பாள். "இன்னாமே மலையம்மா, சக்கரத்துக்குக் கண்ணு போட்டுடப் போற. அப்பறம் ஆளு ஏறி வர்ற கூண்டு மேல வராது!" என்பாள். அதைக் கேட்டு அம்மா ஒருநாள் உள்ளே போய் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அத்தை விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

புரட்டாசியில் நாலு நாள் மழை பெய்து நின்றது. ஐந்தாம் நாள் காலையில் ஜில்லென்று ஒரு காற்று. லைனில் எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அய்யோ, இன்னா குளிரு, இன்னா குளிரு" என்று அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்க, என் அம்மா வெறும் புடவையோடு கொல்லையில் போய் நின்றாள். மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தாள். இந்த ஊருக்கு வந்து அவள் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளே வந்து தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழந்துணி முடிச்சை எடுத்தாள். அதற்குள் நாலு சின்ன முடிச்சுகள். கோஸ், கேரட், நூல்கோல், பட்டாணி. மலையிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் தட்டிக்கு அந்தப் பக்கம் நைனாவும் அவளும் பேசியது என் காதில் விழுந்தது. பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு, குழந்தை கண்ணை மூடிக்கொண்டால் காதும் மூடிக்கொள்ளும் என்று.

"மலையில இருக்கற என் தம்பிக்குக் கடுதாசி எழுதச் சொல்லிட்டேன். பொங்கல் கழிச்சு வருவான். நானும் சின்னவனும் அவனோட மலைக்குப் போறோம்" என்றாள் அம்மா.

"பெரியவ?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

"பெரியவள நான் அனுப்ப மாட்டேன். ஒம்போது வயசு ஆவுது, சோறு வடிக்கத் தெரியும். எனக்குக் கஞ்சி காச்ச ஒரு ஆளு வேணாவா?" என்றார் நைனா.

நான் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "அவளையும் கூட்டிட்டுத்தான் போவேன்" என்று ஒரு வார்த்தை வராதா என்று. வரவேயில்லை. இத்தனை வயதுக்கு அப்புறமும் அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பிடிவாதம் பிடித்தால் மனுஷன் சின்னவனையும் நிறுத்திக்கொள்வார் என்று பயந்திருப்பாள். அது இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

நைனாதான் திரும்பக் கேட்டார். "இங்க இன்னாமே உனக்குக் கொறச்சல்?"

"இங்க எல்லாம் கீழயே போவுது. ஆளு கீழ போறாங்க, காசு கீழ, பேச்சு கீழ. மண்ணுலேந்து மேல வர்றது ஒண்ணு என் கண்ணால பாக்கணும். விதை போடப் போறேன். தை முடியறதுக்குள்ள கோஸ் உருண்டுச்சுன்னா இருக்கேன். உருளலைன்னா கிளம்பறேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றார் நைனா. நிம்மதியாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். அவருக்குப் பாறை தெரியும், கோஸ் தெரியாது. விதை போட்டால் முளைக்கும், முளைத்தால் உருளும் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கட்டில் போடுகிற அளவுதான் இடம். அதிலிருந்து எத்தனை கூடை கல் பொறுக்கினோம் என்கிறீர்கள்! கடப்பாரை போட்டால் ணங்கென்று திரும்பி வரும். பாறை துளைத்துத் துளைத்துத் தேய்ந்துபோய், மேஸ்திரியே வேண்டாமென்று கழித்துக் கொடுத்த ஒரு கம்பியை நைனா கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைக் கொண்டு நாற்றுக்குக் குழி போட்டாள். நான் மாட்டுவண்டி போகிற பாதையில் சாணி பொறுக்கினேன். பாய்லரிலிருந்து வெளியே கொட்டுகிற விறகுச் சாம்பலை ஆறவைத்துக் கொண்டுவந்தோம். அம்மா எப்போதும் ஷாஃப்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்து வேலை செய்வாள்.

தண்ணீர்தான் பெரும்பாடு. வண்டியில் வருகிற தண்ணீர் வீட்டுக்கு இரண்டு குடம். அதில் பயிருக்கு எங்கே? அரிசி கழுவின தண்ணீர் கோசுக்கு. முகம் கழுவுவதென்றால் பாத்தியில் நின்று கழுவ வேண்டும். நைனா வேலை முடித்து வந்து, கோவணத்தோடு நூல்கோல் வரிசையில் நின்றுதான் குளிக்க வேண்டும், உடம்பிலிருந்து கல் மாவு கரைந்து சாம்பலாக ஓடும். எதிர்வீட்டு அத்தை வேலியில் சாய்ந்துகொண்டு, "ஏம்மே, புருசனக் கழுவி கோசுக்கு ஊத்தறியே, அது எங்க உருளப் போவுது? மீசை மொளைக்கும் பாரு!" என்றாள். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பட்டாணியை ஆடு தின்றது. கேரட் கல்லில் முட்டி இரண்டு கால் மூன்று கால் விட்டு வந்தது, ஆனாலும் தின்ன இனிப்பாக இருந்தது. நூல்கோல் பரவாயில்லை. கோஸ் எட்டுச் செடி நின்றது. பெரிது பெரிதாக இலை விட்டது, நீலமும் பச்சையும் கலந்த நிறம், விடியற்காலையில் அதன்மேல் பனித்தண்ணீர் உருண்டு நிற்கும். அம்மா தினம் காலையில் ஒவ்வொரு செடியின் நடுவிலும் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். உருளத் தொடங்கினால் கெட்டியாகத் தட்டுப்படுமாம். அழுத்துவாள், எழுந்துவிடுவாள். "இன்னும் இல்ல" என்பாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் நான் போய் அழுத்துவேன். மெத்தென்று விரல் உள்ளே போகும். எட்டையும் அழுத்திவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன்.

மார்கழி போயிற்று. பொங்கலும் வந்து போயிற்று. மாமா மலையிலிருந்து இன்ன கிழமை புறப்படுகிறார் என்று கடுதாசி வந்தது. கோஸ் இலையை விரித்துக்கொண்டு சும்மா நின்றது. அவற்றோடு நான் பேசிப் பார்த்தேன், கெஞ்சினேன். ஒரு செடியைக் காலால் உதைத்துவிட்டு அதனிடமே மன்னிப்பும் கேட்டேன்.

கல்மேடு உங்களுக்கு நினைவிருக்கும். சுரங்கத்திலிருந்து வருகிற வேண்டாத கல்லைக் கொட்டுகிற மேடு. அதில், வெடி வைக்கும்போது வெட்டிப் போட்ட திரித் துண்டுகளும் கிடக்கும். திரியின்மேல் தார் தடவின கறுப்பு நூல் சுற்றியிருக்கும். அதைப் பிரித்தெடுத்து எங்கள் பொம்மைகளுக்கெல்லாம் சடை பின்னினோம். அந்த லைனில் சடையில்லாத மரப்பாச்சி ஒன்றுகூடக் கிடையாது. என்னிடம் ஒரு பெரிய உருண்டை நூல் இருந்தது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் வண்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அந்த நூலோடு பாத்தியில் இறங்கினேன்.

இலைகளைக் கூட்டிப் பிடித்து, முழங்காலால் அணைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். முடிச்சை அடி இலைக்குக் கீழே மறைத்தேன். சில இலை மடக் மடக்கென்று ஒடிந்தது. ஒடிந்ததையெல்லாம் பச்சையாகத் தின்றுவிட்டேன், தடயம் இருக்கக் கூடாதல்லவா. எட்டையும் கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். உருண்டையாகத்தான் இருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் காலையில் அம்மா கொல்லைக்குப் போனாள். நான் தட்டி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்தி ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றாள். ஒருதரம் குனிந்து கையை நீட்டினாள். பிறகு அழுத்திப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். நைனா வாசலில் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "அட, உருண்டுகினு கீதே!" என்றார். அம்மா "ம்" என்றாள்.

அதற்கு அடுத்த நாள் பொழுது சாய்கிற வேளையில் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, அவரும் அதே துரை தோட்டத்தில்தான் வேலை. தலையில் கம்பளிக் குல்லா, கையில் ஒரு கூடை உருளைக்கிழங்கு. வந்ததும் வராததுமாக, "அக்கா, எங்க உன் கோசு? காட்டு" என்று கொல்லைப் பக்கம் திரும்பினார். எனக்கு உயிரே போய்விட்டது. "காலையில பாக்கலாம், முதல்ல கையைக் கழுவிட்டுச் சாப்பிடு" என்றாள் அம்மா.

காலையில் மாமா எழுந்து வருவதற்குள் சுரங்கத்துக் காவல்காரர்கள் வந்துவிட்டார்கள். மில்லில் கொஞ்சம் தங்கம் காணாமல் போய்விட்டதாம். அந்த வாரம் லைன் லைனாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. மீசை வைத்த ஒரு ஜமேதாரும் இரண்டு ஆட்களும். அடுப்பைத் தோண்டினார்கள், அரிசிப் பானையில் கையை விட்டார்கள். மாமா கொண்டுவந்த உருளைக்கிழங்கில் இரண்டைப் பிளந்துகூடப் பார்த்தார்கள். பிறகு கொல்லைக்கு வந்தார்கள்.

ஜமேதார் பாத்தியைப் பார்த்தார். குனிந்து, ஒரு கோசின் அடியில் விரலை விட்டு நூலை இழுத்தார்.

"இன்னாம்மா இது? இது மருந்துத் திரி நூலு. கோசுக்குள்ள இன்னா வெச்சிக் கட்டிக் கீறீங்க?"

நைனாவின் முகத்தைப் பார்த்தேன். செத்த களை. அந்தக் காலத்தில் சுரங்கத்துச் சாமான் ஒன்று வீட்டில் அகப்பட்டால் போதும், வேலையிலிருந்து பேரை அடித்து, அன்றைக்குச் சாயங்காலமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். வேலிக்கு வெளியே லைனே கூடிவிட்டது.

ஜமேதார் முதல் முடிச்சை அறுத்தார். இலைகள் மெதுவாக விரிந்து படுத்துக்கொண்டன. நடுவே சுண்டுவிரல் அளவு ஒரு வெளுத்த குருத்து, அவ்வளவுதான். இரண்டாவதை அறுத்தார், அதுவும் அப்படியே. மூன்றாவது, நாலாவது. தங்கமும் இல்லை, கோசும் இல்லை. யாரோ சிரித்தார்கள். மாமா வாயைத் திறந்தபடி நின்றார்.

"யாரு கட்டினது இத்த?" என்று ஜமேதார் அதட்டினார்.

என் விரலெல்லாம் தார்க் கறுப்பு. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். வீடும் போயிற்று, அம்மாவும் போய்விடுவாள், எல்லாம் என்னால்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நான்தான் கட்டினேன் சாமி" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"எங்க மலையில அப்படித்தான். குளிர் காத்து நடுவுல பூந்துடாம கட்டி விடுவோம். கட்டினாத்தான் உருளும்."

ஜமேதார் மாமாவின் குல்லாவை மேலும் கீழும் பார்த்தார். "நீ மலைக்காரன்தானே? நிஜமா?"

மாமா விவரம் தெரிந்த நாளிலிருந்து தோட்ட வேலை செய்தவர். அப்படியொரு கூத்தைக் கனவிலும் கேட்டிருக்கமாட்டார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாங்க, நாங்க அப்படித்தான் கட்றது" என்றார்.

"சரி, இந்த நூலு எப்படி வந்துச்சி?"

அம்மா பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டு அத்தை வேலியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் அவள் பெண்ணின் மரப்பாச்சி. அதன் கறுப்புச் சடையைப் பிடித்து ஜமேதார் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "இதோ பாரு சாமி, என் வூட்லயும் கீது. புள்ளைங்க கல்மேட்டுல பொறுக்கினு வந்து வெளாடுது. இதுக்கு இன்னா, பொம்மையப் புடிச்சிக்கினு போவியா? இந்தா, புடி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜமேதாருக்கே மீசை துடித்தது. "ஆச்சி, ஆச்சி. மிச்சத்த அவுக்கல. கட்டு நல்லா இருக்கட்டும், குளிரு பூந்துடப் போவுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த அத்தையின்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அன்றோடு போய்விட்டது. அடுத்த வருஷம் அவள்தான் முதலில் விதை வாங்கிப் போட்டு, மலைக்காரியே சொல்லிவிட்டாள், ஜமேதாரும் ஒத்துக்கொண்டார் என்று கோசைக் கட்டத் தொடங்கினாள். அவளைப் பார்த்து லைன் முழுக்கக் கட்டியது. உங்கள் வீட்டுக்கு அது வந்த வழி இதுதான்.

கூட்டம் கலைந்தது. நைனா உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டுத் தட்டியோரம் உட்கார்ந்துவிட்டார். கொல்லையில் அம்மா, மாமா, நான்.

மாமா பாத்தி ஓரம் குந்தி ஒரு குருத்தைத் தொட்டுப் பார்த்தார். "அக்கா, இது உருளாதுன்னு உனக்குத் தெரியலையா?"

"மார்கழியிலேயே தெரியும்."

"அப்புறம் எதுக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்த? சரி, பெட்டியை எடு. மத்தியான வண்டியைப் பிடிச்சாத்தான் பங்காருபேட்டையில மெயில் கிடைக்கும்."

அம்மா பெட்டியை எடுக்கப் போகவில்லை. என் கையை முதுகுக்குப் பின்னாலிருந்து இழுத்து, விரலை விரித்துப் பார்த்தாள். முந்தானையில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். தார் போகவில்லை. திரும்பவும் தேய்த்தாள்.

"எட்டையும் இவளே உக்காந்து கட்டியிருக்கா. முந்தாநேத்துக் காலையிலேயே பார்த்தேன். அவுத்து விடலாம்னு கைய நீட்டினேன், முடியல" என்றாள்.

நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் என் தலைக்கு மேலாக மாமாவைப் பார்த்து, "நீ கிளம்புடா. நம்ம அப்பா கேட்டா, கோஸ் உருண்டுடுச்சுன்னு சொல்லு" என்றாள்.

மாமா காலிக் கூடையை எடுத்துக்கொண்டு மத்தியான வண்டியில் தனியாகப் போனார்.